ஒரே கூரையின் கீழ் மூன்று சட்டங்கள்



ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் மயிலாப்பூர் லஸ் பக்கத்து நாகேசுவரராவ் பூங்காவில் அரைமணி நேரம் நடப்பது என் வழக்கம். அங்கே நெடுநாளாகப் பழகிவரும் பெரியவர் ஒருவர் உண்டு. வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நாள்தோறும் இரண்டு நாளிதழ்களை வரி விடாமல் வாசிப்பவர். 2025 ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் அவர் முகம் வாடியிருந்தது. மகளும் மருமகனும் அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருக்கிறார்கள். மகள் நிறைமாதக் கர்ப்பிணி. ஜனவரி 20 அன்று பதவியேற்ற குடியரசுத் தலைவர் டிரம்ப், அன்றைக்கே ஓர் ஆணையில் கையொப்பமிட்டிருந்தார். தாய் சட்டவிரோதமாகவோ தற்காலிக விசாவிலோ தங்கியிருந்து, தந்தையும் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ இல்லாவிடில், அம்மண்ணில் பிறக்கும் குழந்தை இனி அமெரிக்கக் குடிமகன் அன்று என்பது அதன் சாரம்.

"பிறந்த குழந்தை என்ன சார் தப்பு செய்தது? அப்பன் ஆத்தாள் காகிதத்தைக் காட்டினால்தான் பிள்ளைக்கு ஊர் என்றால் இது என்ன நியாயம்?" என்று பொருமினார்.

நியாயமான கேள்விதான். "நம் நாட்டுச் சட்டம் எப்படி ஐயா?" என்று வினவினேன். "நம் நாட்டில் அப்படியெல்லாம் கிடையாது. இங்கே பிறந்தவன் இந்தியன்" என்றார், சற்றும் ஐயமின்றி.

படித்தவர், உலகம் அறிந்தவர். அவருக்கே இது தெரியவில்லை. அவரைக் குறை கூறவில்லை. நம் இல்லங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 'இங்கே பிறந்தவன் இந்தியன்' என்பது 1987 ஜூன் 30ஆம் தேதி நள்ளிரவோடு முடிந்துபோன சட்டம்.

என் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். நான் 1981இல் பிறந்தவன். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவுப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இம்மண்ணில் பிறந்த எவரும், அயல்நாட்டுத் தூதரின் பிள்ளை போன்ற ஒன்றிரண்டு விலக்குகள் நீங்கலாக, பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் யார் என்று சட்டம் கேட்பதில்லை. என் துணைவியார் 1988இல் பிறந்தவர். அவர் குடிமகளாக வேண்டுமெனில் தாய் தந்தையரில் ஒருவரேனும் இந்தியக் குடிமக்களாக இருந்திருக்க வேண்டும். எங்கள் மகன் பிறந்தது 2010இல். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கோ பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருத்தல் வேண்டும்; அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருத்தல் வேண்டும். ஒரே கூரையின் கீழ், ஒரே தஸ்தர்கானைச் சுற்றி அமர்ந்து உண்ணும் மூவருக்கு மூன்று சட்டங்கள்! உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். பிள்ளைகளின் பிறந்த தேதியை எண்ணிப் பாருங்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குத் தேர்தல் ஆணையம் 2025 ஜூன் 24 அன்று ஆணை பிறப்பித்து, முதலில் பீகாரில் தொடங்கியபோது, ஆவணம் கேட்ட முறை இதே தேதிகளின்படிதான் அமைந்தது. 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர் தம் ஆவணத்தைக் காட்டினால் போதும். அடுத்த கட்டத்தில் பிறந்தவர் தாய் அல்லது தந்தையின் ஆவணத்தையும், 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவர் இருவருடையதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். நவம்பர் 4 அன்று அப்பணி தமிழகத்திலும் தொடங்கியது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு எங்கும் வாக்குச்சாவடி அலுவலர்கள் படிவங்களைக் கொண்டுவந்தார்கள். 2002 அல்லது 2005ஆம் ஆண்டுப் பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடி மக்கள் அலைந்தார்கள். டிசம்பர் 19இல் வெளியான வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுவதும் 97 இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றில் பெரும்பாலானவை இறந்தோர், இடம் பெயர்ந்தோர், இருமுறை பதிவானோர் பெயர்கள் என்று ஆணையம் விளக்கியது. அதையும் சொல்லிவிடுவதே நேர்மை.

அந்த நவம்பரில்தான் இக்கட்டுரைக்குக் காரணமான மற்றொரு சந்திப்பு நிகழ்ந்தது. அடையாற்றில் ஒரு சந்தில் தையற்கடை வைத்திருக்கும் சகோதரி ஒருவர். என் துணைவியாருக்குப் பல ஆண்டுப் பழக்கம். தமிழில் மனு எழுதித் தர ஆள் வேண்டுமென்று அவர் கூற, அஸர் தொழுகைக்குப் பின் இருவருமாகச் சென்றோம். அங்கே அவருடைய மூத்த சகோதரியும், அச்சகோதரியின் மகளும் இருந்தார்கள்.

அவர்களின் பாட்டனார் புதுக்கோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றவர். 1983 கலவரத்துக்குப் பின் பெற்றோர் படகேறி இங்கு வந்தார்கள். மூத்தவர் 1985இல் மண்டபம் முகாமில் பிறந்தார். இளையவர் 1988இல் அதே முகாமில், அதே தாய்க்குப் பிறந்தார். சட்டப்படி அக்காள் இந்தியக் குடிமகள், தங்கை அன்று.

"அக்காவுக்குத் தேதி வாய்த்தது ஐயா, எனக்கு வாய்க்கவில்லை" என்றார் இளையவர், ஊசியில் நூல் கோத்தபடி.

அக்காளுக்கும் அது எளிதில் கிட்டவில்லை. முகாமில் பிறந்தவளும் அகதியே என்றுதான் அலுவலகங்கள் எண்ணி வந்தன. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி கடவுச்சீட்டுக் கோரித் தொடுத்த வழக்கில், 2022 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன், மூன்றாம் பிரிவைச் சுட்டி, அவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள், கடவுச்சீட்டு வழங்குக என்று தீர்ப்பளித்தார். சட்டப் புத்தகத்தில் 1955 முதல் இருந்த ஒரு வரி, முகாமுக்குள் வந்து சேர இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

இனி அக்காளின் மகளைப் பாருங்கள். பிறந்தது 2007இல், சென்னையில். தாய் குடிமகள். தந்தையோ ஐந்து வயதில் படகில் வந்தவர். கடவுச்சீட்டு இன்றி நாட்டில் நுழைந்ததால் சட்டத்தின் சொற்படி சட்டவிரோதக் குடியேறி. ஆகவே 2004க்குப் பிந்தைய விதிப்படி அப்பெண் குடிமகள் அல்லள். இந்தியத் தாய்க்கு, இந்திய மண்ணில், இந்திய மருத்துவமனையில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பில் தேறி, திருக்குறளை ஒப்பிக்கும் பெண் எந்த நாட்டவள்? அவள் கடலையே மெரினாவில்தான் பார்த்திருக்கிறாள். இன்னொன்றும் உண்டு. சட்டவிரோதக் குடியேறி என்பவர் உரிய ஆவணமின்றி நாட்டில் 'நுழைந்த' அயலார் என்கிறது சட்டம். இங்கேயே பிறந்த சிற்றன்னையும் மகளும் எங்கிருந்து நுழைந்தார்கள்?

இக்குடும்பத்தாரிடம் காகிதம் கேட்கப்படுவது இது முதன்முறை அன்று.

பிரிட்டிஷார் காலத்தில் தென்னாட்டுக் கூலித் தொழிலாளர் இலங்கைக்குப் போகும் வழியில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்ட இடமே மண்டபம் முகாம். அவ்வழியே சென்றவர்களின் உழைப்பில் மலையகம் செழித்தது. 1947 தேர்தலில் அவர்கள் வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. மறு ஆண்டே இலங்கைப் பாராளுமன்றம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி, இலங்கையில் பிறந்தவராயினும் தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவர் ஆயினர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1953இல் தோற்றது.

நம் வாசகர்களில் காயல்பட்டினம், கீழக்கரைக் குடும்பத்தார் பலருக்கு இது அந்நியக் கதை அன்று. கொழும்பில் கடை வைத்திருந்த நம் முன்னோரையும் அதே சட்டம் தொட்டது. 1949இல் வந்த பதிவுச் சட்டத்தின் பெயரே 'இந்தியர் மற்றும் பாகிஸ்தானியர் வதிவோர் குடியுரிமைச் சட்டம்'. பெட்டி பெட்டியாகக் காகிதம் சேர்த்து விண்ணப்பித்தவர்களும் உண்டு. கடையை விற்றுவிட்டு ஊர் திரும்பியவர்களும் உண்டு.

அப்போது இந்திய அரசு என்ன கூறியது? பிறந்து வளர்ந்து உழைத்த மண்ணே அவர்களின் நாடு, அவர்கள் இலங்கையின் மக்கள் என்று பண்டித நேரு வாதாடினார். சரியான வாதம். ஆயினும் 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது; எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது. அந்த எச்சத்தை 1974இல் இந்திரா காந்தி பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ள உடன்பட்டார். எந்தப் பக்கத்தில் வாழ விருப்பம் என்று அம்மக்களை உட்காரவைத்துப் பேசிய பின் போட்ட ஒப்பந்தமா என்றால், அன்று.

தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். விண்ணப்பம் முடிவாகாமல் நின்றவர்களும் இருந்தனர். இடையே 1983 வந்தது. நம் தையற்கடைச் சகோதரியின் பெற்றோர் அத்தகையோரே. இலங்கையோ, 2003இல் பாராளுமன்றமே ஒருமனதாகச் சட்டமியற்றி, 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிலையாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழியினருக்கும் குடியுரிமை அளித்து, ஐம்பத்தைந்து ஆண்டுப் பிழையைத் திருத்திக்கொண்டது. நாமோ அதே 2003இல் சட்டத்தை இறுக்கினோம்! 1948இல் இலங்கை பாட்டனின் காகிதத்தைக் கேட்டபோது அநீதி என்றோம். இன்று பேத்தியிடம் அப்பனின் காகிதத்தை நாம் கேட்கிறோம். இதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன்.

அரசியல் நிர்ணய சபையின் நோக்கம் இதுவா? 1947 ஏப்ரலில் குடியுரிமை விதி விவாதத்துக்கு வந்தபோது, சர்தார் பட்டேல் பரந்த பார்வையே வேண்டுமென்றார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்தியருக்கு அந்நாட்டு உரிமை கேட்கும் நாம், நம் வீட்டில் குறுகிய பார்வை கொள்ளலாகாது என்பது அவர் காட்டிய காரணம். 1949 ஆகஸ்டில் மீண்டும் விவாதம். வேறெந்த விதியும் இவ்வளவு தலைவலி தரவில்லை என்று அம்பேத்கரே அலுத்துக்கொண்டார். மாற்றுக் கருத்தும் வலுவாக ஒலித்தது. விமானத்தில் போகும் தம்பதியர் பம்பாயில் சில மணி நேரம் இறங்க, அங்கே குழந்தை பிறந்தால் அதுவும் இந்தியக் குடிமகனா என்று பி.எஸ். தேஷ்முக் கேட்டார், வேறெந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத இந்துக்களுக்கும் சீக்கியருக்கும் உலகில் எங்கிருந்தாலும் இங்கே உரிமை வேண்டும் என்றும் திருத்தம் கொணர்ந்தார். அச்சபைக்கு மறுமொழி கூறியவர்களில் ஒருவர் எங்கள் மயிலாப்பூரில் வாழ்ந்த சட்டமேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். தாமே விரும்பி வேறு நாட்டைத் தேர்ந்தவருக்கும் இங்கே தொடர்பை வைத்துக்கொள்ள விழைபவருக்கும் வேறுபாடு காட்டலாம். இனம், மதம் முதலியவற்றின் பேரால் காட்டவியலாது என்று அவர் திட்டமாகக் கூறினார். லஸ் சர்ச் சாலை வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

ஆனால் அச்சபை ஒரு வாசலைத் திறந்தே வைத்துவிட்டுப் போயிற்று. அரசியலமைப்பின் ஐந்தாம் விதி முதலியவை 1950இல் யார் குடிமக்கள் என்பதை மட்டும் வரையறுத்தன. பிற்காலத்தில் பிறப்போரின் உரிமையைப் பதினோராம் விதி பாராளுமன்றத்திடம் விட்டுவிட்டது. அமெரிக்காவிலோ பிறப்புரிமை 1868ஆம் ஆண்டின் பதினான்காம் திருத்தமாக அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க் என்ற சமையற்காரர் தொடுத்த வழக்கில் 1898இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதனால்தான் டிரம்ப் கையொப்பமிட்ட ஆணை நடைமுறைக்கு வருமுன்னரே கீழ் நீதிமன்றங்கள் அதை நிறுத்திவைத்தன. 2025 டிசம்பரில் உச்சநீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்றது. இங்கே 1986இலும் 2003இலும் சாதாரணப் பெரும்பான்மையில் சட்டம் திருத்தப்பட்டது. தெருவில் ஒரு சலசலப்பும் இல்லை. 1986 திருத்தத்தின் நோக்கவுரையில் வங்கதேசம், இலங்கை, சில ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றிலிருந்து மறைவாக வருவோரைப் பற்றிய அச்சம் வெளிப்படையாகவே குறிக்கப்பட்டது.

அவ்வச்சம் வெறுங்கற்பனை என்று நான் வாதிடவில்லை. அஸ்ஸாமியர் தம் மொழியும் நிலமும் பறிபோகுமோ என்று கலங்கியது மெய். 1985 ஒப்பந்தம் அக்கலக்கத்தில் பிறந்தது. பிறப்புரிமையைக் கைவிட்ட நாடு நம்முடையது மட்டுமும் அன்று. பிரிட்டன் 1983 முதல் கைவிட்டது, ஆஸ்திரேலியா 1986இல், அயர்லாந்து 2004இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம். ஆயினும் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் ஒரு கதவைத் திறந்து வைத்தன. அந்நாட்டில் பிறந்து, முதல் பத்தாண்டுகள் அங்கேயே வளர்ந்த பிள்ளை, பெற்றோரின் நிலை எதுவாயினும் குடியுரிமை அடையலாம். விமானத்திலிருந்து இறங்கிச் சில மணி நேரத்தில் பெற்றுச் செல்லும் தாயைப் பற்றித் தேஷ்முக் எழுப்பிய ஐயத்துக்கும் இதுவே தக்க விடை. நம் சட்டத்தில் அப்படியொரு கதவு இல்லை. சட்டவிரோதக் குடியேறி என்று முத்திரை விழுந்தவருக்குப் பதிவு மூலமாகவும் குடியுரிமை கிடையாது.

2019 டிசம்பரில் ஒரு கதவு திறக்கப்பட்டது. அதுவும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த ஆறு மதத்தாருக்கு மட்டும். முஸ்லிம்கள் விடுபட்டதை நாம் அறிவோம். அதற்காக வீதியிலும் நின்றோம். இலங்கைத் தமிழரும் விடுபட்டார்கள் என்பதை எத்தனை மேடைகளில் பேசினோம்? பெரும்பாலும் இந்துக்களான அவர்களுக்கும் இடமில்லை. 2021 கணக்குப்படி தமிழக முகாம்களில் 58,000க்கு மேற்பட்டோர், வெளியே 34,000க்கு மேற்பட்டோர். 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. நல்ல செயல், ஆனால் தண்டனையிலிருந்து விலக்கு வேறு, குடியுரிமை வேறு.

ஃபிக்ஹ் நூல்களில் 'லகீத்' என்றொரு பாடம் உண்டு. பாதையோரம் கண்டெடுக்கப்பட்ட குழந்தையைப் பற்றியது. மாணவர்கள் இதை விரைந்து கடந்துவிடுவார்கள், நடைமுறையில் பயன்படாத பாடம் என்று. பெற்றோர் யாரென்றே தெரியாத அக்குழந்தையை அடிமை என்று எவரும் கொள்ளலாகாது. சுதந்திரன் என்றே கொள்ள வேண்டும். அதன் நிலையைக் கண்டெடுத்த இடத்தைக்கொண்டு முடிவு செய்வர். அதன் செலவுக்கு பைத்துல்மால் பொறுப்பு. சான்று இல்லாதபோது ஐயத்தின் பலன் குழந்தையின் பக்கம் நிற்கிறது. தையற்கடையிலிருந்து திரும்பிய வாரம் இப்பாடத்தை நடத்துகையில், நான் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

நம் இல்லத்தரசியருக்கு ஒரு வார்த்தை. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரமென்று சட்டம் வந்திருக்கிறது. பெயரை எழுத்துப் பிசகாமல் பதியுங்கள். தந்தையின் சான்றில் 'முஹம்மது', மகனுடையதில் 'முகமது', குடும்ப அட்டையில் 'மொகமது' என்றிருப்பது நமக்கு வேடிக்கை. அலுவலருக்கு மூன்று மனிதர். தாயின் பெயரில் ஒரிடத்தில் 'பீவி' இருந்து மறு இடத்தில் இல்லாமற்போவதும் அவ்வாறே. ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர் நகலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அஸ்ஸாமில் 2019 ஆகஸ்ட் 31இல் வெளியான இறுதிப் பதிவேட்டில் 19 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விடுபட்டதில், இத்தகைய எழுத்துப் பிழைகளுக்கும் பங்குண்டு.

அன்று மாலை மனுவை எழுதி முடித்தேன். உயர்நீதிமன்றம் 2019 ஜூனில், முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு அரசுக்கு அளித்த தீர்ப்பையும் அதில் சுட்டியிருந்தேன். அக்காளின் மகள் வாங்கி உரக்க வாசித்தாள். உச்சரிப்பு அச்சு அசலாகச் சென்னைத் தமிழ். 'பிறந்த இடம்' என்ற வரி வந்ததும் இளைய சகோதரி இயந்திரத்தை நிறுத்தினார். "அதை இன்னொரு முறை வாசி" என்றார். "மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம், தமிழ்நாடு" என்று அவள் மீண்டும் வாசித்தாள்.

"எழுத்துப் பிழை ஒன்றுமில்லையே ஐயா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன்.